பழைய பிரையர் புகைக்குழாயின் மங்கிய மெருகு

வணக்கம். பழம்பொருள் கடையில் வாங்கிய பிரையர் மரப் புகைக்குழாயில் விரல் பிடிக்கும் பக்கம் மட்டும் நிறம் வெளிறி மெருகு போயிருப்பதாகவும், அதன் மேல் வார்னிஷ் பூசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பூசாதீர்கள். புகையிலை எரியும் கிண்ணப் பகுதி சூடேறும்போது அந்தப் படலம் கொப்புளித்து உரியும்; பிறகு அதைச் சுரண்டி எடுப்பதற்குள் மரமே தேய்ந்துவிடும்.

மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டிலிருந்து கிடைக்கும் பிரையருக்கு இயல்பான வரியோட்டமே அழகு. அதை மூடாமல் துலக்கினாலே போதும். முதலில் ஈரத்துணியால் அழுக்கை நீக்குங்கள். ஆல்கஹாலைத் துடைக்கப் பயன்படுத்தினால் எஞ்சியிருக்கும் நல்ல சாயமும் கரைந்து வந்துவிடும். வெளிறிய இடத்தில் தோலுக்கு இடும் சாயத்தை நீர்த்துக் கலந்து, ஓரங்கள் சுற்றியுள்ள நிறத்தோடு இழையும்வரை சிறிது சிறிதாகத் தொட்டு வையுங்கள். நன்கு உலர்ந்தபின், ஒரு வகைப் பனை இலையிலிருந்து கிடைக்கும் கடினமான கார்னாபா மெழுகை மிகக் குறைவாக எடுத்து, சுழலும் பருத்திச் சக்கரத்தில் மெருகேற்றுங்கள். அது 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்பதால், கையால் தேய்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: தண்டில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரை மீது உப்புத்தாள் படவே கூடாது, ஏனெனில் குழாயின் வயதையும் பிறப்பிடத்தையும் அறிய அதுவே பெரும்பாலும் ஒரே சான்று. எபோனைட் எனும் கடின ரப்பராலான வாய்ப்பகுதி பச்சை கலந்த பழுப்பாக மாறியிருந்தால், குழாய் குளிர்ந்திருக்கும்போது அதைக் கழற்றி, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால், 600ஆம் எண்ணிலிருந்து மேலும் நுண்ணிய 2000ஆம் எண் வரை படிப்படியாகத் தேய்த்தால் பழைய கருமை திரும்பும்.