சேற்று ரேசுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிள் தேவையா? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பாதி சைக்கிளைப் பற்றியவை. கடலூர், புதுச்சேரி சைக்கிள் குழுக்களுக்குள் சேற்று ரேஸ் ஆசை புகுந்துவிட்டது போலிருக்கிறது. ஐப்பசி பிறந்தாயிற்று, சேற்றுக்கும் பஞ்சமில்லை. மிக்சி, வாஷிங் மெஷின்காரர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர். ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து புதுச்சேரி வரை சைக்கிளில் போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். இந்த டிசம்பரில் கேப்பர் மலைப் பக்கம் எங்களுக்குள்ளேயே ஒரு சைக்ளோகிராஸ் சாம்பியன்ஷிப் நடத்தப்போகிறோம். என்னிடம் இருப்பது மூன்று வருஷத்துக்கு முன் 28,000 ரூபாய்க்கு வாங்கிய ஹைபிரிட், சாலை சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுத்தரமானது. கடைக்காரர், "சைக்ளோகிராஸ் வண்டி இல்லாம சேத்துல இறங்காதீங்க சார்" என்று 1,40,000 ரூபாய் வண்டி ஒன்றைக் காட்டுகிறார். மாதத் தவணையும் உண்டாம். வாங்கலாமா? – மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்காக இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். புல், மணல், சேறு, படிக்கட்டு, மரப்பலகைத் தடுப்பு எல்லாம் கலந்த ஒரு சுற்றுப்பாதை, இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர். பெரிய போட்டிகளில் ஆண்கள் அதையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வருவார்கள். தடுப்பு வந்தால் குதித்திறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, ஓட்டம் நிற்காமல் மறுபடி ஏற வேண்டும். பிரான்சில் 1902லேயே தேசியப் போட்டி நடந்தது, முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு பெத்தாங் என்கிற இரும்புக்குண்டு விளையாட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், இதை மட்டும் ஏனோ கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைக்காரர் உங்களிடம் 33 மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லியிருப்பார். உலக சைக்கிள் சங்கமான யுசிஐயின் விதிப்படி இந்தப் போட்டியில் டயர் அகலம் 33ஐத் தாண்டக்கூடாது, உண்மைதான். அது அவர்கள் விதிப்படி நடக்கும் போட்டிக்கு. கேப்பர் மலையில் உங்கள் டயரை யார் அளக்கப்போகிறார்கள்? வண்டியில் இடம் இருந்தால் 38 போடுங்கள். அகலமான டயர் சேற்றில் கொஞ்சம் மன்னிக்கும்.

இடம் இருந்தால் என்றேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. நனைந்த செம்மண் அதிரச மாவு மாதிரி. சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே போய் ஃபோர்க்கிலும், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் குழாய்களுக்கு நடுவிலும் அடைகிறது. அப்புறம் சக்கரம் சுழலாது, நீங்கள்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும். மட்கார்டைக் கழற்றிவிட்டு, டயரின் இரண்டு பக்கமும் மேலேயும் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். உரசாமல் நுழைந்தால் உங்கள் ஹைபிரிட்டே போதும். நுழையவில்லையென்றால் இன்னும் ஒல்லியான, மேலே முண்டு முண்டாக ரப்பர் கட்டை வைத்த டயர் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க் பிரேக் இல்லையே என்று கவலைப்படுகிறீர்களா? யுசிஐ டிஸ்க்கை அனுமதித்ததே 2010இல்தான். அதற்கு முன் அறுபது வருஷம் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கிலேயே உலகப் போட்டி நடந்தது. அந்த பிரேக்கில் மண் சேரும், ரிம்மும் தேயும். வருஷத்துக்கு ஓரிரு ரேசுக்குத் தாங்கும். டிஸ்க் இருந்தால் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடை மட்டும் கவனியுங்கள். ரெசின் பேட் சேற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், மெட்டல் பேட் அதிக நாள் உழைக்கும். உங்கள் டிஸ்க் தட்டில் 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருந்தால் மெட்டல் போடாதீர்கள்.

ஆக, செலவு இவ்வளவுதான்: இரண்டு டயர், ஒரு செட் பேட், மீட்டர் வைத்த ஒரு பம்ப். எல்லாம் சேர்த்து ஏழெட்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். பம்பில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த விளையாட்டில் காற்றைக் குறைத்து ஓட்டுவதுதான் பாதி வித்தை. டியூப் போட்ட 38 டயரில், எழுபது கிலோ ஆளுக்கு 35 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். அதற்கும் ரொம்பக் கீழே போனால் கல்லில் இடிக்கும்போது ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு துளை போட்டுவிடும். டியூப்லெஸ் என்றால் இன்னும் குறைக்கலாம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஸ்டாண்டு, கேரியர், பாட்டில் கூடு மூன்றையும் கழற்றிவிடுங்கள். தோளில் தூக்கும்போது பாட்டில் கூடு விலாவில் குத்தும்.

கடைக்காரர் காட்டிய வீடியோவில் வண்டி பளபளவென்று போவதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வீரருக்கு இன்னொரு வண்டி 'பிட்' என்கிற இடத்தில் தயாராக நிற்கும். ஒன்றை ஓட்டும்போது மற்றதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, எண்ணெய் விட்டு வைத்திருப்பார்கள். சேறு அதிகமானால் அரைச் சுற்றுக்கு ஒருமுறைகூட மாற்றுவார்கள். நீங்கள் 1,40,000 கொடுத்தாலும் உங்களுக்கு ஒரே வண்டிதான், அதுவும் சேறு அப்பிய வண்டி.

இல்லை, புது சைக்கிள் வாங்கியே தீருவேன் என்றால் சரளை, மண் பாதைக்கென்று செய்த கிராவல் சைக்கிள் பாருங்கள். அகலமான டயர் போகும், திங்கட்கிழமை ஆபீசுக்கும் உதவும். பில்லில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. "பழைய ஸ்டாக்" என்று 12 போட்டால் விடாதீர்கள். விற்கிற தேதியில் என்ன வரியோ அதுதான் கணக்கு.

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன் 82,000 ரூபாய்க்குக் கிராவல் சைக்கிள் வாங்கினேன். பாகூர் பக்கம் நண்பர்கள் நடத்திய சேற்று ரேசில், பின் கியர் மாற்றும் டிரெயிலியர் முறுக்கிக்கொண்டு சக்கரத்துக்குள் போய்விட்டது. அதை மாட்டும் ஹேங்கர் ஒடிந்து, நாலு ஸ்போக்ஸ் கம்பியும் போனது. "ரேஸ் ஓட்டினீங்க, இனிமே எதுக்குமே வாரண்டி கிடையாது" என்கிறார்கள். பில் கேட்டால் எஸ்டிமேட் சீட்டையே மறுபடி நீட்டுகிறார்கள். – வில்லியனூர் வாசகர்

பதில்: ஹேங்கர் விஷயத்தில் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். அது வீட்டு ஃபியூஸ் மாதிரி. அடி விழுந்தால் ஃபிரேம் தப்பிக்க, தான் வளைந்தோ ஒடிந்தோ போவதற்கென்றே மெல்லிய அலுமினியத்தில் செய்து மாட்டியிருக்கிறார்கள். வயல் சேற்றோடு வைக்கோலும் சேர்ந்து டிரெயிலியரில் சுற்றிக்கொண்டால் யார் வண்டியானாலும் இதுதான் நடக்கும். தயாரிப்புக் குறை என்று வாதாட முடியாது.

ஆனால் 'இனிமே எதுக்குமே கிடையாது' என்பது வேறு பேச்சு. வாரண்டி அட்டையை எடுத்துப் படியுங்கள். போட்டியில் ஓட்டினால் செல்லாது என்று பல கம்பெனிகள் அச்சடிக்கின்றன. உங்கள் அட்டையில் அந்த வரி இல்லையென்றால் கடைக்காரர் வாயால் சொல்வது வாரண்டியை மாற்றாது. வரி இருந்தாலும், நாளைக்கே வெல்டிங் இடத்தில் ஃபிரேம் விரிசல் விட்டால் அது சேற்றால் வந்ததா, செய்த குறையா என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. மறுப்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பதிலாக இருந்தாலும் போதும்.

எனக்கு எரிச்சல் வந்தது அந்த எஸ்டிமேட் சீட்டில்தான். பொருளை விற்றுவிட்டு பில் தராதது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பணம் யுபிஐயில் போயிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, பில் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். நகரவில்லையென்றால் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். புதுச்சேரியில் வாங்கிய கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்கிறேன்: நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், மாநில எல்லை ஒரு தடையில்லை.

நாலு கம்பிக்கும் ஹேங்கருக்கும் ஆணையம் வரை போவது வீண் அலைச்சல். பில்லுக்குப் போராடுங்கள், கம்பியை மாற்றிக்கொள்ளுங்கள். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மாதிரி இருக்கும், அவசரத்துக்குக் கிடைக்காது. உங்கள் மாடலுக்கே இரண்டாக வாங்கி, ஒன்றை சைக்கிள் சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.

கேள்வி: பெங்களூரில் ஒருவர் அசல் சைக்ளோகிராஸ் வண்டியை, கார்பன் ஃபிரேம், 55,000க்கு ஆன்லைனில் போட்டிருக்கிறார். போட்டோவில் புதுசு போல் இருக்கிறது. முன்பணம் கேட்கிறார். – திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: போட்டோவில் எல்லா வண்டியும் புதுசுதான். நேரில் போகாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தொழிலாக விற்காத தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வராது. வாரண்டியும் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். போனால், பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் ஃபிரேம் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். கார்பனை நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கிண்கிண்ணென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் அங்கே சந்தேகம்.

கேள்வி: மகனுக்கு சைக்கிள் ரேசுக்கு ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் வாங்கலாமா? – நெல்லிக்குப்பம் வாசகி

பதில்: கடையில் ஐஎஸ் 4151 என்று போட்டிருப்பது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கனமாக இருக்கும், காற்றுப் போகாது, ஓடிக்கொண்டே ஓட்டும் பையனுக்கு மூச்சு முட்டும். சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இஎன் 1078 (ஐரோப்பியத் தரம்) அல்லது சிபிஎஸ்சி (அமெரிக்கத் தரம்) என்ற குறி இருக்கிறதா பாருங்கள். ஒரு தடவை தலையோடு அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது, வெளியே கீறல் தெரியாவிட்டாலும்.

கேள்வி: ரேஸ் முடிந்ததும் சைக்கிளை பைக் வாட்டர் சர்வீசில் கொடுக்கலாமா? – அரியாங்குப்பம் வாசகர்

பதில்: நான் கொடுத்தேன். ஐம்பது ரூபாய்தான், இரண்டு நிமிஷத்தில் புது வண்டி மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பையன் அக்கறையாக சக்கர அச்சுக்கு நேரே துப்பாக்கியைப் பிடித்துப் பீய்ச்சியதை நானும் ரசித்துக்கொண்டுதான் நின்றேன். பத்தாம் நாள் பின்சக்கரத்தைக் கையில் சுற்றினால் மணலை மெல்வது போல் கரகரவென்றது. மெக்கானிக் அச்சைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கிரீஸ் இல்லை, காபி நிறத்தில் ஒரு கரைசல்தான் இருந்தது. இரண்டு பேரிங்கும் மாற்ற வேண்டியதாயிற்று.

தோட்டத்துக் குழாயில் மேலிருந்து தண்ணீர் விட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். சேறு காய்வதற்குள் செய்துவிடுங்கள். செயினைத் துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள். செயின் நீளுவதை அளக்கும் தகட்டுக்கருவி சில நூறு ரூபாய்தான். சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கு அதில் போட்ட பணம் ஒரே மழைக்காலத்தில் திரும்பிவிடும், ஏனென்றால் நீண்ட செயின் பின் கியர் பற்களையும் தின்றுவிடும். இன்னொன்று, தேவனாம்பட்டினம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடலில் இறக்கிக் கழுவிய நண்பர் ஒருவர் இருக்கிறார். மூன்றாம் நாள் அவர் செயின் மிளகாய்த்தூள் நிறத்தில் இருந்தது.

கேள்வி: போன டிசம்பர் முதல் ஞாயிறு நடக்க இருந்த ஒரு சேற்று ரேசுக்கு 1,500 ரூபாய் கட்டியிருந்தேன். புயல் எச்சரிக்கையால் ரத்து. "இயற்கைச் சீற்றம், பணம் திரும்பாது" என்று டி-சர்ட் மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். – லாஸ்பேட்டை வாசகி

பதில்: கட்டணம் வாங்கி நடத்தும் ரேசும் சேவைதான். படிவத்தில் 'ரத்தானால் பணம் திரும்பாது' என்று தெளிவாகப் போட்டிருந்து நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் வாதம் கொஞ்சம் பலவீனம். இல்லையென்றால் முழுப் பணத்தையும் கேளுங்கள், முப்பது நாள் கெடு கொடுத்து எழுத்தில் கேளுங்கள்.

இயற்கைச் சீற்றம் என்ற சாக்கை நான் ஏற்கமாட்டேன். தானே புயல் 2011 டிசம்பர் 30இல் இதே கடலூர், புதுச்சேரிக் கரையில்தான் ஏறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்தச் சமயத்தில் தேதி குறிப்பவர்கள் மாற்றுத் தேதியையும் கையில் வைத்திருக்க வேண்டாமா? ரத்து செய்தது சரி. புயலில் யாரையும் வயலில் இறக்கக்கூடாது. மாற்றுத் தேதியும் இல்லை, பணமும் இல்லை என்பதுதான் தப்பு. டி-சர்ட்டுக்கும் போட்டிக்காகச் செய்துவிட்ட செலவுக்கும் ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறோம் என்று கணக்குக் காட்டினால் சமாதானமாகப் போகலாம். கணக்கே காட்டவில்லையென்றால் 1915 உதவி எண்தான்.

டி-சர்ட் அளவாவது சரியாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லையே.