மஞ்சள் கொடிச் சண்டை: இண்டி 500 (2025) கேள்வி பதில்

மே 25 ஞாயிறு நடந்த 109-ஆவது இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை (அமெரிக்காவின் 500 மைல் கார் பந்தயம்) அலெக்ஸ் பலோ வென்றார். ஓவல் (நீள்வட்ட) தடத்தில் அவருக்கு இதுதான் முதல் வெற்றி. கடைசிச் சுற்றில் நோலன் சீகல் சுவரில் மோத, மஞ்சள் கொடியிலேயே, அதாவது யாரும் யாரையும் தாண்டக்கூடாது என்ற எச்சரிக்கையிலேயே, பந்தயம் முடிந்தது. மறுநாள் பரிசோதனையில் சிக்கி, இரண்டாவதாக வந்த மார்கஸ் எரிக்சன் 31-ஆம் இடத்துக்குப் போனார். குவிந்த கேள்விகளில் பதில் சொல்லத் தக்கவை கீழே.

கேள்வி (மதுரை): சார், பந்தயம் தொடங்கும் முன்னாலேயே மெக்லாக்லின் எப்படி மோதினார்? 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவருக்கு மெதுவாக ஓட்டத் தெரியாதா?

பதில்: மெதுவாக ஓட்டும்போதுதான் இந்தக் கார் ஆபத்து. காரணங்கள் மூன்று, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது டயர். எஃப்1-இல் போல டயரைச் சூடேற்றும் போர்வை இந்தப் பந்தயம் சேர்ந்த இண்டிகார் தொடரில் கிடையாது. குளிர்ந்த டயரோடு கிளம்பி, ஓட்டித்தான் சூடாக்க வேண்டும். அன்று தூறலால் தொடக்கமே தள்ளிப்போனது. தடம் குளிர்ந்து கிடந்தது. இரண்டாவது, ஓவலில் பின் அச்சுக்கு டிஃபரென்ஷியல் இல்லை, ஸ்பூல்தான். இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். மூன்றாவது, வலப் பின் டயரின் சுற்றளவு இடப் பின் டயரைவிடக் கொஞ்சம் அதிகம். இடப்பக்கம் மட்டுமே திரும்பும் தடத்துக்கு அது வரம். நேர்ச்சாலையில் கார் தானாகவே இடப்பக்கம் இழுக்கும், ஓட்டுநர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போவார்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். டயரைச் சூடாக்க வளைந்து வளைந்து போய், ஆக்ஸிலரேட்டரைத் திடீரென அழுத்தினால் குளிர்ந்த பின்டயர் பிடி விடும். பிடி விட்ட கார் எந்தப் பக்கம் போகும்? ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த இடப்பக்கம், அதாவது உட்சுவர். அவர் மோதியதும் அங்கேதான். வளைந்து ஓட்டினால் டயர் சூடாகும் என்பது பாதி உண்மை. பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒன்றோடொன்று மோதவிட்டு ஏற்றும் சூடுதான் உள்ளே இறங்கும்.

கேள்வி (திருச்சி): மஞ்சள் கொடியில் முடித்தது அநியாயம் இல்லையா?

பதில்: இல்லை. கடைசிச் சுற்றில் நடந்த விபத்து அது. 500 மைல் என்றால் 500 மைல். இண்டிகாரில் கூடுதல் சுற்று என்ற விதியே கிடையாது.

கேள்வி (கோவை): ஷ்வார்ட்ஸ்மன் முதலிடத்திலிருந்து தொடங்கி, பிட்டில் (எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடத்தில்) தன் ஆட்களையே இடித்தாரே? அனுபவம் போதாதா?

பதில்: புதியவர்தான், மறுக்கவில்லை. 1983-இல் டியோ ஃபாபிக்குப் பிறகு போல், அதாவது முதல் தொடக்க இடம், எடுத்த முதல் புதுமுகம். தகுதிச்சுற்றில் நான்கு சுற்றுச் சராசரி மணிக்கு 232.790 மைல், அதாவது சுமார் 374.6 கிலோமீட்டர். ஆனால் பழியை முழுக்க அவர் தலையில் போடாதீர்கள். இன்னொரு ஓட்டுநர் வீகேயும் அன்று பிட் நுழைவில்தான் சுழன்றார்.

இங்கே ஒரு டேங்க் எரிபொருள் தீரும்வரை, ஏறக்குறைய 30 சுற்றுகளுக்கு, பிரேக்கைத் தொடுவதே இல்லை. கார்பன் பிரேக் சூடாக இருந்தால்தான் கடிக்கும்; குளிர்ந்த வட்டில் கால் வைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரேயடியாகக் கவ்விச் சக்கரத்தைப் பூட்டிவிடும். மணிக்கு 220 மைலிலிருந்து பிட் வேக வரம்பான 60-க்கு இறங்க வேண்டிய இடத்தில் இது நடக்கிறது. விவரம் தெரிந்த ஓட்டுநர் பிட்டுக்கு வரும் சுற்றில் நேர்ச்சாலையிலேயே இடக்காலால் பிரேக்கை லேசாக உரசிச் சூடேற்றிக்கொண்டு வருவார். கொஞ்சம் அதிகமாக உரசினால் நேரம் போச்சு, குறைவாக உரசினால் ஆட்கள் மேல் கார் போச்சு.

கேள்வி (சென்னை): இந்த காருக்கு மைலேஜ் என்ன சார்?

பதில்: டேங்க் 18.5 காலன், அதாவது 70 லிட்டர். ஒரு சுற்று 2.5 மைல். முழு வேகத்தில் 30 சுற்று என்று வைத்தால் லிட்டருக்கு 1.7 கிலோமீட்டர். பெட்ரோல் அல்ல, எத்தனால். முன்னால் போகும் காரின் டிராஃப்டில் (காற்று மறைவில்) ஒளிந்துகொண்டு, திருப்பத்துக்கு முன்பே காலை எடுத்து, எரிபொருள் கலவையையும் குறைத்தால் இன்னும் இரண்டு மூன்று சுற்று இழுக்கலாம். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கடைசிச் சுற்றின் காணொளித் துணுக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 40 சுற்று பின்னே போய் யார் எரிபொருளைச் சேமித்தார் என்று பாருங்கள்.

கேள்வி (சேலம்): அண்ணா, கடைசியில் பலோவுக்கு முன்னால் இரண்டு பின்தங்கிய கார்கள் வழிவிடாமல் போனதே? அவர்களை ஒதுக்கியிருந்தால் எரிக்சன் ஜெயித்திருப்பார். நீலக்கொடி எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. ஆனால் தலைகீழாகக் கேட்கிறீர்கள்.

இண்டியில் முதலிடம் என்பது தண்டனை. முன்னால் போகிறவர் காற்றைத் தனியாகக் கிழிக்கிறார், எரிபொருளையும் அதிகம் எரிக்கிறார். பின்னால் வருகிறவர் அந்தக் காற்று மறைவில் நேர்ச்சாலையில் இலவசமாக வேகம் எடுத்து, டர்ன் 1-க்கோ டர்ன் 3-க்கோ முன்னால் வெளியே வந்து தாண்டுவார். 2023-இல் எரிக்சனும் 2024-இல் பாட்டோ ஓவார்டும் கடைசிச் சுற்றில் நியூகார்டனிடம் தோற்றது இப்படித்தான்.

பலோ 187-ஆம் சுற்றில் டர்ன் 1-இல் எரிக்சனைத் தாண்டினார். வழக்கப்படி எரிக்சன் திருப்பித் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் பலோவுக்கு முன்னால், ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று பின்தங்கிய டிஃப்ரான்சஸ்கோவும் லூயிஸ் ஃபாஸ்டரும் இருந்தார்கள். அவர்களின் காற்று மறைவு பலோவுக்குக் கிடைத்துவிட்டது. பேருக்குத்தான் அவர் முதலிடம், காற்றின் கணக்கில் மூன்றாவது கார். அதனால் எரிக்சனின் நேர்ச்சாலை ஆதாயம் கரைந்தது. போதாததற்கு மூன்று கார்களின் கலங்கிய காற்று திருப்பத்தில் எரிக்சனின் முன்சிறகில் விழும். முன்டயர் பிடி குறைந்து கார் வெளியே தள்ளும். அவர் காலை எடுத்தே ஆக வேண்டும். வழி மறித்தவர்கள் பலோவுக்குத்தான் உதவினார்கள், அதைத் தெரிந்துதான் அவரும் அவர்களைத் தாண்ட அவசரப்படவில்லை.

நீலக்கொடி இங்கே அறிவுரைதான். எஃப்1-இல் போல ஒதுங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கேள்வி (சேலம், மறுபடியும்): அப்போ அதுவே அநியாயம்தானே அண்ணா? அதோடு மஞ்சள் கொடி வேறு. 2023-இல் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, பிறகு ஒரு சுற்றுப் பந்தயம் வைத்தார்களே. நியூகார்டனுக்கு ஒரு நீதி, எரிக்சனுக்கு ஒரு நீதியா?

பதில்: இரண்டையும் குழப்பாதீர்கள். சிவப்புக் கொடிக்குச் சுற்று வேண்டும். கார்களைப் பிட்டுக்குள் கொண்டுவர ஒன்றிரண்டு சுற்று, திரும்ப வெளியே விட்டு டயரைச் சூடாக்க ஒன்றிரண்டு. 2014-இல் ஏறக்குறைய 10 சுற்று மிச்சமிருக்கையில் நிறுத்தி, 6 சுற்றுக்குப் பந்தயம் விட்டார்கள், ஹன்டர்-ரே 0.0600 நொடியில் காஸ்ட்ரோநெவெஸை வென்றார். அது ஒழுங்கு. 2020-இல் பிகட் மோதியபோது ஐந்தாறு சுற்றுதான் பாக்கி, நிறுத்தவில்லை, சாட்டோ மஞ்சளிலேயே வென்றார். அதுவும் ஒழுங்குதான். 2025-இல் ஒரு சுற்றுக்கூட மிச்சமில்லை. எதை நிறுத்தச் சொல்கிறீர்கள்?

கேள்வி (டொராண்டோ): அண்ணை, சேலத்துக்காரர் சொல்லுறதிலை நியாயம் இருக்கு. 2023-இலை பிட்டிலை இருந்து வெளிய வந்த உடனை பச்சைக் கொடி காட்டி ஓட விட்டவை. எரிக்சனுக்கு அது பெரிய அநியாயம்.

பதில்: 2023 பற்றி உங்களோடு ஒத்துப்போகிறேன். மூன்றாவது சிவப்புக் கொடிக்குப் பிறகு டயர் சூடாக வழக்கமான சுற்றுக்கூடக் கொடுக்காமல் ஒரே ஒரு சுற்று. முதலிடத்தில் நின்றவரைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடச் சொன்ன மாதிரி. 0.0974 நொடியில் தோற்றார். அந்த முடிவு தவறு. ஆனால் ஒருமுறை தவறு செய்துவிட்டார்கள் என்பதற்காக ஒவ்வொரு வருடமும் அதையே செய்யச் சொல்வது என்ன நியாயம்?

கேள்வி (சேலம்): ஜனங்கள் காசு கொடுத்து வருவது பச்சையில் முடிவதைப் பார்க்கத்தானே? நாஸ்கரில் கூடுதல் சுற்று இருக்கே?

பதில்: இருக்கிறது. அங்கே அந்தச் சுற்றுகளில் நடக்கும் கார்க் குவியலையும் பார்த்திருப்பீர்கள். அது கூரையும் கனத்த உடலும் உள்ள கார். இங்கே சக்கரம் திறந்த கார். ஒரு சக்கரத்தின் மேல் இன்னொன்று ஏறினால் கார் பறக்கும். 2023-இல் கிர்க்வுட் காரிலிருந்து பிய்ந்த சக்கரம் வேலியையும் ரசிகர் கூட்டத்தையும் தாண்டிப் போய் வாகன நிறுத்தத்தில் நின்ற காரில் விழுந்தது. அரங்கில் விழுந்திருந்தால்? எரிபொருளும் 200 சுற்றுக்குக் கணக்கிட்டதுதான். நான்கு சுற்று கூட்டினால் சேமித்து ஓட்டியவன் பாதி வழியில் நிற்பான், சேமிக்காமல் மஞ்சளில் பிழைத்தவன் ஜெயிப்பான்.

கேள்வி (ஈரோடு): எரிக்சன் காரில் என்ன தப்பு?

பதில்: ஹைப்ரிட்டின் (எஞ்சினுக்கு உதவும் மின் அமைப்பின்) எனர்ஜி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தை மூடும் உறையும், சஸ்பென்ஷன் கையோடு அது சேரும் இடமும். காரைத் தயாரிக்கும் டல்லாரா நிறுவனம் கொடுப்பதை அப்படியே மாட்ட வேண்டும். அனுமதி இல்லாத ஸ்பேசர்களும் துண்டுகளும் இருந்தன. கிர்க்வுட் காரிலும் அதே குற்றம். கேலம் ஐலட் காரில் முன்சிறகின் ஓரத்தகடு குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே. மூவரும் 31, 32, 33. மலூகஸ் இரண்டாவது, ஓவார்டு மூன்றாவது ஆனார்கள். இந்த வேகத்தில் ஒரு இடுக்கு அடைபடுவதும் திறப்பதும் காற்றுத் தடையை மாற்றும். எவ்வளவு லாபம் என்பது கேள்வியே அல்ல, தொடக்கூடாத பாகத்தைத் தொட்டார்களா என்பதே கேள்வி.

கேள்வி (புதுச்சேரி): பென்ஸ்கி அணியும் அதே மாதிரிதானே?

பதில்: அதே வகை, பாகம் வேறு. காரின் பின்முனையில் மோதல் அதிர்வை வாங்கும் அட்டெனுவேட்டர் பெட்டி; அதன் இணைப்பு இடுக்கை நிரப்பி வழவழப்பாக்கியிருந்தார்கள். தகுதிச்சுற்று ஞாயிறன்று பிடிபட்டது. நியூகார்டன் 32, பவர் 33-ஆம் இடத்திலிருந்து தொடங்கினார்கள், காருக்கு 1,00,000 டாலர் அபராதம். டிம் சிண்ட்ரிக் உட்பட மூன்று தலைமை ஆட்களை அணி முதலாளி ரோஜர் பென்ஸ்கி நீக்கினார். ரசிகர்களின் கோபம் பெட்டியைப் பற்றியது மட்டுமல்ல: தடமும் தொடரும் 2020 முதல் பென்ஸ்கி கையில். கபடி ஆடும் அணியின் முதலாளியே நடுவருக்கும் சம்பளம் கொடுத்தால் சரியான தீர்ப்பைக்கூட யார் நம்புவார்? அந்தக் கோபம் நியாயமானது.

கேள்வி (நெல்லை): அலெக்சாண்டர் ராஸியின் கார் பிட்டில் தீப்பிடித்தபோது தண்ணீர் ஊற்றினார்களே, எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஆகாதே?

பதில்: இது எண்ணெய் அல்ல, சாராய வகை. எத்தனால் தண்ணீரில் கரையும், அதனால் தண்ணீரே மருந்து. முன்பு மெத்தனால் ஓடிய காலத்தில் பகலில் சுடரே தெரியாது. 1981-இல் ரிக் மியர்ஸ் பிட்டில் எரிந்தபோது என்ன நடக்கிறது என்று சுற்றியிருந்தவர்களுக்கே உடனே புரியவில்லை.

கேள்வி (தஞ்சை): ஜெயித்தால் பால் ஏன்?

பதில்: 1936-இல் லூயிஸ் மேயர் குடித்தது பாலல்ல, மோர். பால் வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். 1993-இல் ஃபிட்டிபால்டி முதலில் ஆரஞ்சுச் சாறு குடிக்க, இண்டியானா ரசிகர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கேள்வி (கோவை): நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் இண்டி 500 ஓட்டினாரா?

பதில்: இல்லை. 2005-இல் எஃப்1, 2010-இல் நாஸ்கர் டிரக் தொடர்.

கேள்வி (டொராண்டோ): அண்ணை, நேரிலை போய்ப் பாக்கிற யோசினை இருக்கு. எந்தப் பக்கச் சீட் நல்லம்?

பதில்: டர்ன் 1-இன் வெளிப்புறம், கிடைக்கிற மிக உயரமான வரிசை. நேர்ச்சாலையில் கார்கள் டிராஃப்டில் கட்டிப்பிடித்து வருவதும் திருப்பத்தில் யார் காலை எடுக்கிறார் என்பதும் அங்கேதான் தெரியும். கீழ்வரிசை மலிவு, ஆனால் வண்ணக் கோடுகள்தான் தெரியும். எங்கே உட்கார்ந்தாலும் முழுத் தடமும் தெரியாது. காதடைப்பான் கட்டாயம். பேச்சு கேட்க ஸ்கேனர் எடுங்கள், அணிகள் எரிபொருள் பேசுவதைக் கேட்கலாம். கடைசிச் சுற்றுத் துணுக்கை நம்பி வாழ வேண்டியதில்லை. சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் புட்டி கூடாது.

கேள்வி (வேலூர்): மஞ்சள் கொடியில் முடித்தது சரியா?

பதில்: மேலே ஏறிப் படியுங்கள்.

கேள்வி (விருதுநகர்): சீகல் மோதாமல் இருந்திருந்தால் எரிக்சன் கடைசித் திருப்பத்தில் தாண்டியிருப்பாரா?

பதில்: முன்னால் இரண்டு கார் இருந்தவரை, வாய்ப்புக் குறைவு. 160-ஆம் சுற்றிலிருந்து மறுஒளிபரப்பைப் போட்டு, ஒவ்வொரு சுற்றும் டர்ன் 3 நுழைவில் இருவருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டே வாருங்கள். விடை உங்கள் தாளிலேயே இருக்கும்.

கேள்வி (சேலம்): அண்ணா, கடைசியாக ஒன்றே ஒன்று. ஒரு நான்கு சுற்று மட்டும் கூட்டினால்...

பதில்: கூடாது.