தணிக்கை வேலையில் சேர்ந்ததும் ஏன் வவுச்சர்களையே பார்க்கச் சொல்கிறார்கள்?

தணிக்கை என்றால், ஒரு நிறுவனம் எழுதிய கணக்கை அதைச் சாராத ஒருவர் ஆதாரங்களோடு ஒப்பிட்டுக் கருத்துச் சொல்வது. பட்டம் முடித்துப் புதிதாகச் சேர்பவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் வவுச்சர் கட்டுதான், அதாவது ஒவ்வொரு கணக்குப் பதிவுக்கும் ஆதாரமான சீட்டுகளின் கட்டு. சலிப்பான வேலை, மறுக்கவில்லை. ஆனால் தொழிலின் அரிச்சுவடி அதுவே.

பேரேட்டில், அதாவது கணக்குகளைத் தொகுத்து எழுதும் புத்தகத்தில், ஒரு விற்பனை பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போய் இன்வாய்ஸ், சரக்கு அனுப்பிய சீட்டு, வங்கியில் பணம் வந்த பதிவு என்று தேடினால், நடக்காத விற்பனையை எழுதியிருந்தால் பிடிபடும். சீட்டிலிருந்து தொடங்கிப் பேரேட்டுக்குப் போனால், எழுதாமல் விட்டது தெரியவரும். வகுப்பு வருகைப் பதிவேடு போலத்தான்: பெயரைப் படித்து ஆளைத் தேடினால் வராதவருக்குப் போட்ட வருகை அகப்படும், ஆளைப் பார்த்துப் பெயரைத் தேடினால் விடுபட்டவர் கிடைப்பார். தேதியிலும் ஒரு கண் இருக்கட்டும். ஆண்டின் கடைசி நாளில் பதிவான விற்பனைக்குச் சரக்கு அடுத்த வாரம் கிளம்பியிருந்தால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

தணிக்கையாளர் கையெழுத்திட்டால் கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பெரும்பாலும் மாதிரிகளைத்தான் சோதிக்கிறார், அதனால் தருவது நியாயமான உறுதியே, முழு உத்தரவாதம் அல்ல.