ஓரத்தில் நின்ற பெண்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். ஐந்தாறு வருடமாகப் படம் எடுக்கிறேன். ஏப்ரலில் தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். தேர்வாகவில்லை. நடுவர் குறிப்பு இரண்டே வரி: 'லீடிங் லைன் சரியில்லை. வலது ஓரத்தில் நிற்கும் பெண் கவனத்தைச் சிதறடிக்கிறார், வெட்டிவிடலாம்.' எங்கள் வாட்ஸாப் குழுவில் அதே படத்தைப் போட்டபோது பலரும் 'செம க்ளிக்' என்றார்கள். ஒருவர் மட்டும் 'காலண்டர் படம்' என்று எழுதினார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. பிறகு அந்தப் பெண்ணை மொபைல் ஆப்பில் அழித்துவிட்டு வேறொரு போட்டிக்கு அனுப்பினேன், பாராட்டுச் சான்றிதழ் வந்தது. விமர்சனங்களை எப்படி எடுத்துக்கொள்வது? பதில் சொல்வதா, பேசாமல் இருந்துவிடுவதா? இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

ஒரு கல்லூரிப் போட்டிக்கு வந்த படங்களுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஒரு படத்துக்கு நாலு வரி எழுத எவ்வளவு நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

'செம க்ளிக்' என்றவர்களை விடுங்கள். அது காலை வணக்கம் மாதிரி, அன்பாகச் சொல்வது, அதில் வேறொன்றும் இல்லை. 'காலண்டர் படம்' என்றவரையும் விட்டுவிடுங்கள். ஏன் அப்படித் தோன்றியது என்று அவர் சொல்லவில்லை, சொல்லாததை நீங்களாக ஊகித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பார்ப்பவர் கண்ணை முக்கியமான இடத்துக்கு இழுத்துப்போகும் லீடிங் லைன், சட்டகத்தை மூன்றாகப் பிரித்து அந்தக் கோடுகளில் பொருளை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி போன்றவை பயிற்சிக்கு நல்லவை, அவ்வளவுதான். அந்த மூன்றில் ஒரு பங்கு விதி 1797ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது சொன்னது. அப்போது புகைப்படமே பிறக்கவில்லை. உங்கள் படத்தில் பாத்தி வரப்பு இடமிருந்து வலமாக ஓடினால் ஓடிவிட்டுப் போகட்டும்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன்.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் இரண்டு பெண்கள் குனிந்து உப்பு வாருகிறார்கள். பலகையின் நீண்ட கம்பு இருவருக்கும் ஒரே சாய்வில் இருக்கிறது. அந்த நொடிக்குக் காத்திருந்து எடுத்திருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். பின்னால் உப்பு அம்பாரம். வலது ஓரத்தில் மூன்றாவது பெண். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலை அண்ணாந்து பிடித்துத் தண்ணீர் குடிக்கிறார். பாட்டிலில் கால் பங்குகூடத் தண்ணீர் இல்லை. கண்ணை இறுக்க மூடியிருக்கிறார், அந்த வெள்ளையில் கண்ணைத் திறந்துவைத்திருக்க முடியாது. காலில் ரப்பர் பூட்ஸ் இல்லை.

உப்பளத்தில் பெண்கள் விடியுமுன்னே வேலைக்கு இறங்குகிறார்கள். ஒதுங்க இடம் இல்லாததால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடும் பெண்கள் அங்கே நிறையப் பேர். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை, அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் நிமிர்ந்து தண்ணீர் குடிக்கிற நேரம் உங்கள் படத்தில் விழுந்திருக்கிறது. உப்பு வாருகிற படம் ஆயிரம் இருக்கிறது. இது அப்படி இல்லை. உங்கள் படத்தில் உள்ளதிலேயே பெரிய விஷயம் அந்த ஓரத்தில்தான் இருந்தது. நடுவர் அதைத் தொந்தரவு என்றார், நீங்கள் துடைத்துவிட்டீர்கள்.

எனக்குக் கோபம் வருவது நடுவர் மேல் பாதிதான். அவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் படங்கள் ஓடியிருக்கும். மீதிக் கோபம் உங்கள் மேல். அவர் வெட்டலாம் என்றார், நீங்கள் அழித்தீர்கள். இரண்டும் ஒன்றல்ல. வெட்டினால் நான் இவ்வளவுதான் காட்டுகிறேன் என்று அர்த்தம். அழித்தால் அங்கே யாரும் இல்லை என்று சொல்கிறீர்கள். ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பிஎஸ்ஏ (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) போன்ற அமைப்புகள் இயற்கைப் பிரிவுக்கு வைத்திருக்கும் விதியிலும் இதே கோடுதான்: வெட்டலாம், படத்தில் இருப்பதை நீக்கக் கூடாது. 2010ல் செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் ஸ்டெபான் ருடிக் என்பவருக்குக் கொடுத்த மூன்றாம் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கீவ் நகரத்துத் தெருச் சண்டைக்காரர்களைப் பற்றிய படவரிசை அது. கையில் துணி சுற்றுகிற படத்தில், பின்னால் தெரிந்த இன்னொருவரின் பாதத்தில் ஒரு துணுக்கு. அதை அழித்திருந்தார். அவர் படத்தைக் கடுமையாக வெட்டியிருந்தார், கறுப்பு வெள்ளை ஆக்கியிருந்தார், ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். பரிசைப் பறித்தது அதற்கெல்லாம் இல்லை, அந்தத் துணுக்குக்காக. ஒரு காலின் துணுக்குக்கே அப்படி. நீங்கள் முழு ஆளையே எடுத்திருக்கிறீர்கள்.

நான் அனுப்பியது 'ஓபன்' பிரிவு, அங்கே எல்லாம் செய்யலாம் என்று சொல்வீர்கள். செய்யலாம். வானத்தை மாற்றலாம், பறவையைப் பறக்கவிடலாம், அது கற்பனைப் படம். உங்கள் படத்தின் தலைப்பு 'உப்பளத் தொழிலாளர்கள்'. அந்தத் தலைப்பைப் போட்டுவிட்டு ஒரு தொழிலாளியை எடுத்துவிட முடியாது.

படத்துக்குக் குறை சொல்வது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மதுரையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். ஃபிலிம் காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஸ்டூடியோவின் பின்னறையில் கூடுவோம், ஆளுக்கொரு பிரிண்ட் கொண்டுபோவோம், போட்டிக்கு அனுப்பும் 12க்கு 15 அங்குல அளவு. அவரிடம் எல் வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள் இருக்கும். அவற்றைப் படத்தின் மேல் வைத்து நகர்த்தி எங்கே வெட்டலாம் என்று பார்ப்பது வழக்கம். அந்த அட்டைகளை எடுத்தவுடன் யாருக்கும் தர மாட்டார். மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். முதலில் ஒருவர் எழுந்து படத்தில் இருப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எடுத்தவர் பேசக் கூடாது. நல்லாயிருக்கு, நல்லாயில்லை இரண்டும் அப்போது கிடையாது.

ஒருமுறை ஒரு நண்பர் வைகையில் துணி வெளுப்பவர்களை எடுத்துவந்தார். சொல்ல எழுந்தவர் கல், துணி, தெறிக்கிற தண்ணீர், பாலம் என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு நிறுத்திவிட்டு, "பின்னால ஒரு பையன் யூனிஃபார்ம்ல நிக்கிறான்" என்றார். பெரியவர் நிழலைப் பார்க்கச் சொன்னார். நிழல் காலடியிலேயே கிடந்தது. உச்சிவெயில், பள்ளிக்கூட நேரம். அந்தப் பையன் கையிலும் ஈரத்துணி. அறையில் இருந்த எல்லாருக்கும் படம் மாறிவிட்டது, எடுத்தவருக்கும்தான். அப்புறம்தான் டிராயர் திறந்தது. அட்டையை வைத்து மேலே இருந்த பாலத்தை வெட்டினார், பையனைத் தொடவில்லை.

நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சென்னையில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். நாலு பேரிடம் படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்பது இந்த ஊரில் அவ்வளவு பழைய பழக்கம். பின்னறையில் ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் இருந்தது, இப்போது விரல் நகர்கிற நேரம்தான் இருக்கிறது. நடுவராக உட்காருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியாவது எழுதிவிட்டு, பிறகு வெட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை எழுத முயன்றிருந்தால் உங்கள் நடுவருக்கு அந்தப் பாட்டில் கண்ணில் பட்டிருக்கும்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய ஒரு குறையை இத்தனை பேரில் யாரும் சொல்லவில்லை. உங்கள் உப்பு சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கேமராவின் லைட் மீட்டர் எந்தக் காட்சியையும் 18 சதவீதச் சாம்பலாக வைத்துக்கொண்டு கணக்குப் போடும். சட்டகம் முழுக்க உப்பு என்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால் உப்பும் மங்கும், முகங்களும் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை நீங்களாக ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி, கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பான ரா ஃபைல் இருந்தால் இப்போதும் சரிசெய்யலாம். செய்தால் துண்டின் நிழலில் இருக்கும் அந்தப் பெண்ணின் முகம் தெளியும்.

பதில் சொல்வதா என்று கேட்டீர்கள். நேரம் செலவழித்துப் பார்த்தவருக்கு நன்றி சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள். மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தில் நாலு பக்கமும் அவர் என்ன சொன்னார், இவர் என்ன சொன்னார் என்பதுதான். அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை பேசினீர்களா என்று எங்கேயும் இல்லை. அது எனக்கு வருத்தம்.

சான்றிதழ் தந்த போட்டியின் விதிமுறையை எடுத்துப் படியுங்கள். நீக்கக் கூடாது என்று இருந்தால் அவர்களுக்கு இன்றே எழுதி அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அழிக்காத படத்தில் உப்பை வெள்ளையாக்கி எனக்கு அனுப்புங்கள். எங்கே வெட்டலாம் என்று அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்.