கிளவுட் வந்துவிட்டால் நெட்வொர்க் படிப்பு வீணா?

ஐயா, நேற்று மகளோடு வந்தபோது நீங்கள் கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னேன். "எல்லாம் கிளவுடுக்குப் போயிடுச்சாமே, இவ நெட்வொர்க்கிங் படிச்சு என்ன பண்ணுவா?" என்றீர்கள். அம்மாபேட்டையில் தறி ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

கிளவுட் என்பது வேறு ஊரில் இருக்கும் கணினிக் கூடம். சேலத்து நூற்பாலை ஒன்று கணக்கு மென்பொருளை அங்கே வைத்துவிட்டு, இயந்திரங்களை இங்கே ஓட்டுகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவே எந்த வழி சரி என்று பார்த்து, அதை அமைத்து, அறுந்தால் சரிசெய்ய ஆள் வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது அந்த வேலைக்கு.

ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாலையை அகலப்படுத்தினால் கூடுதல் வண்டிகள் போகும். மலைக்கு உள்ள தூரம் குறையாது. இணைப்பில் எம்பிபிஎஸ் (Mbps), அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் போகும் என்பது, அகலம். லேட்டன்சி என்கிற தாமதம் பெரும்பாலும் தூரத்தையும் வளைவையும் பொறுத்தது. இது புரியாமல் அகலத்துக்கே பணம் கட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் உண்டு.

கணக்கு எளிது. கண்ணாடி இழையில் ஒளி 1 கி.மீ. கடக்க சுமார் 5 மைக்ரோ நொடி. மும்பை இங்கிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 1,200 கி.மீ. கேபிளும் அதே தூரம் என்று கொண்டால் போய்வர 12 மில்லி நொடி. எவ்வளவு செலவழித்தாலும் அந்தப் பாதையில் அதற்குக் கீழே இறங்காது. சென்னை 350 கி.மீ., 3.5 மில்லி நொடி. அமேசான் கிளவுட் மும்பையில் 2016இலும் ஹைதராபாத்தில் 2022இலும் வந்தது. மைக்ரோசாஃப்ட் அஸூருக்குச் சென்னையிலேயே கூடம் உண்டு, ஆனால் எல்லாச் சேவையும் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதனால் முதலில் ஊர், அப்புறம்தான் லைன்.

லைனில் இரண்டு வகை. விபிஎன் என்பது பொது இணையத்துக்குள்ளேயே பூட்டிய குழாய் போல அமைக்கும் வழி. செலவு குறைவு, சீக்கிரம் அமைத்துவிடலாம். தாமதம் மட்டும் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். அமேசானின் டைரக்ட் கனெக்ட், அஸூரின் எக்ஸ்பிரஸ்ரூட் இரண்டும் பொது இணையத்தைத் தொடாத தனி வழி. தாமதம் சீராக இருக்கும், விலையும் காத்திருப்பும் அதிகம். தனி வழி என்பதாலேயே தகவல் மறையாக்கம் ஆகிவிடாது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாறிவிடாது. மாதிரி நேர்முகத்தில் நான் இதைக் கேட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். தோண்டும்போது கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். விபிஎன்னை மாற்று வழியாக வைத்திருப்பது வழக்கம்.

பயிற்சி நிலையத்தில் பெரிய தொகை கட்டச் சொன்னதாகச் சொன்னீர்கள். இப்போது கட்ட வேண்டாம். நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பழகும் சிஸ்கோ பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அதில் சிஸ்கோவின் அடிப்படைத் தேர்வான சிசிஎன்ஏ பாடங்களை முடிக்கட்டும், நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி முறையை நன்றாகப் பழகட்டும். அஸூரின் நெட்வொர்க் தேர்வான ஏஇசட்-700 போன்றவை அதற்குப் பிறகு.

இந்த மாதம் ஒரு வேலை மட்டும் செய்யச் சொல்லுங்கள். மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளவுடில் வாடகைக்குக் கிடைக்கும் சின்ன மெய்நிகர் கணினி ஒவ்வொன்று எடுத்து, வீட்டிலிருந்து ஒரு வாரம் காலை, மாலை, இரவு பிங் செய்து (சின்னத் தகவல் அனுப்பி, போய்வரும் நேரத்தை அளந்து) சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் குறிக்கட்டும். பில் எச்சரிக்கை வைத்துக்கொண்டு, முடிந்ததும் மறக்காமல் அழித்துவிட வேண்டும். அந்த நூற்பாலைக்கு எந்த ஊர், எந்த லைன், ஏன் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்து வரட்டும். அதை வைத்தே அவளுக்கு ஒரு மாதிரி நேர்முகம் நடத்துகிறேன். நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.