தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கப் பிளாட்டினம்தான் வேண்டுமா? மலிவான வினையூக்கி ஏன் இன்னும் வரவில்லை?

மலிவான வினையூக்கி ஏற்கெனவே இருக்கிறது. காரக் கரைசலில் நிக்கல் மின்முனைகளை வைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் ஆலைகள் நூறு ஆண்டுகளாக ஓடியிருக்கின்றன. அப்படியானால் செய்திகளில் ஏன் ஒவ்வொரு முறையும் 'பிளாட்டினத்துக்கு மாற்று' என்றே வருகிறது? மின்வேதியியல் ஆய்வகத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வினையூக்கியால் எது முடியும், எது முடியாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அறை வெப்பநிலையில் தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். எந்த வினையூக்கியைப் போட்டாலும் இது குறையாது. ஆனால் நிஜத்தில் தண்ணீரைப் பிரிக்கும் மின்கலங்கள் ஓடுவது 1.8, 1.9 வோல்ட்டில். அந்தக் கூடுதல் வோல்ட்டில் பெரும்பகுதிதான் வினையூக்கியின் களம். 1.9 வோல்ட்டில் ஓடும் கலத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் செலவாகும். அதில் 0.1 வோல்ட் குறைத்தாலே கிலோவுக்கு இரண்டரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். இத்தனை பேர் இதற்காக மெனக்கெடுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, பிளாட்டினத்துக்கு வருவோம். ஹைட்ரஜன் வெளிவரும் முனையில் அது அருமையாக வேலை செய்யும். ஹைட்ரஜன் அணுவை அளவாகப் பிடித்து, அளவாக விட்டுவிடும். இரண்டே எலக்ட்ரான் கைமாறும் எளிய வினை, எனவே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஒரு சிறு பங்கு இருந்தாலே போதும். மாலிப்டினம் சல்பைடு போன்ற மாற்றுகளும் உண்டு. அதில் படிகத் தகட்டின் ஓரங்கள்தான் வேலை செய்கின்றன என்பது 2007-லேயே தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்தப் பக்கம் பெரிய தலைவலியே இல்லை.

தலைவலி எதிர்ப்பக்கத்தில், ஆக்சிஜன் வெளிவரும் முனையில். அங்கே நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும், இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துப் பிணைக்க வேண்டும். வினை, மின்முனைப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் மூன்று இடைநிலைப் பொருள்களைக் கடந்து போகிறது. முதல் இடைநிலையைப் பரப்பு இறுகப் பிடித்தால், மூன்றாவதையும் கூடவே இறுகப் பிடிக்கிறது. ஒன்றை மட்டும் தனியாகத் தளர்த்த முடிவதில்லை. சாதாரண ஆக்சைடு பரப்புகளில் இதனாலேயே 0.3, 0.4 வோல்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரு முனைகளுக்கும் நடுவே அமிலத் தன்மையுள்ள சவ்வை வைத்து ஓடும் நவீனக் கலங்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த மின்னழுத்தத்தில் நிக்கல், கோபால்ட், இரும்பு எல்லாம் கரைந்து போய்விடும். ருத்தேனியம் ஆக்சைடு நன்றாக வேலை செய்யும், ஆனால் அதுவும் மெல்லக் கரையும். தாக்குப்பிடிப்பது இரிடியம். உலகம் முழுவதும் ஆண்டுக்குக் கிடைப்பது 7, 8 டன்தான். பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினம் எடுக்கும்போது உடன் கிடைப்பது. பழைய வழக்கப்படி சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டால், ஒரு கிகாவாட் ஆலைக்கே அரை டன் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 15 ஆலைகளில் உலகத்தின் ஓராண்டு இரிடியம் முழுவதும் தீர்ந்துவிடும். உண்மையில் மாற்று தேட வேண்டியது இதற்குத்தான்.

காரத்தில் கதையே வேறு. அங்கே நிக்கலோடு இரும்பு சேர்ந்த ஹைட்ராக்சைடு ஆக்சிஜன் முனையில் பிரமாதமாக ஓடுகிறது. நிக்கல் முனையைக் காரத்தில் போட்டு வைத்தால் நாளாக ஆக அதன் திறன் கூடும். படிக அமைப்பு மாறுவதால்தான் இப்படி என்று வெகுகாலம் நம்பினார்கள். 1987-லேயே கோரிகன் என்பவர் இரும்புதான் காரணம் என்று காட்டியிருந்தார். 2014-இல் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் பாட்சரின் குழு அதை ஐயமின்றி நிறுவியது. புட்டியில் வரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலேயே பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இரும்பு ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை நிக்கல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்பை நீக்கிச் சுத்திகரித்த கரைசலில் அதே முனை சோர்ந்து போகும்.

அப்புறம் ஏன் எல்லோரும் காரக் கலத்தையே வைத்துக்கொள்ளவில்லை? பழைய வகைக் காரக் கலங்களில் மின்னோட்ட அடர்த்தி, அதாவது ஒரே பரப்பளவில் ஓடும் மின்னோட்டம், குறைவு. வெயிலோ காற்றோ குறைந்து மின்சாரம் இறங்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலக்கும் அபாயமும் உண்டு.

'புதிய மலிவு வினையூக்கி' என்று செய்தி வந்தால் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். மின்னோட்டம் எவ்வளவு? ஆய்வகத்தில் வழக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர்; நவீனக் கலத்துக்கு வேண்டியது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். எவ்வளவு நேரம் ஓடியது? ஆலைக்குப் பல்லாயிரம் மணி நேரம் வேண்டும். மூன்றாவது, பலரும் கவனிக்காதது: சோதிக்கும் வினையூக்கிக்கு எதிரே வைத்த துணை மின்முனை என்ன? பிளாட்டினக் கம்பி என்றால், அது கொஞ்சம் கரைந்து, 'பிளாட்டினம் இல்லாத' வினையூக்கியின் மேலேயே படிந்துவிடும். சோதனை போகப் போகத் திறன் கூடிக்கொண்டே வரும், அந்தப் பெருமை பிளாட்டினத்துக்கே சேர வேண்டியது. கிராஃபைட் கம்பி வைத்துச் செய்திருந்தால்தான் நான் மேலே படிப்பேன்.

எதிர்காலம் எதில் என்று கேட்டால், காரத்தில் வேலை செய்யும் சவ்வுக் கலங்கள் என்பேன். நிக்கலும் இரும்பும் போதும், மின்னோட்டமும் நன்றாக வரும். அங்கே இப்போது முட்டுக்கட்டையாக இருப்பது வினையூக்கி இல்லை, சூடான காரத்தில் சிதைந்துபோகும் சவ்வு.