அப்பாவின் கிரீன் டீயும் மூட்டு வலி மாத்திரையும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறார். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்; இப்போது சிறுநீரகமும் பழுது. சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.1, பொட்டாசியம் 5.2, ஹீமோகுளோபின் 9.8, இரத்த அழுத்தம் 150/90. "டயாலிசிஸ் வேண்டாம், ஆனால் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் மருத்துவர். கிரீன் டீ இதயத்துக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்ல, டிகிரி காபியை அடியோடு விட்டுவிட்டு, நாட்டுச் சர்க்கரை போட்டு நாளைக்கு ஐந்து டம்ளர் கிரீன் டீ குடிக்கிறார். அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், இரும்புச்சத்து மாத்திரைகள் சாப்பிடுகிறார். மூட்டு வலித்தால் மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிப் போட்டுக்கொள்வார். கிரீன் டீயைத் தொடரலாமா? காலையில் ஒரே ஒரு காபி கூடாதா என்றும் கேட்கச் சொன்னார்.

பதில்: இலையை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய வெறும் கிரீன் டீ, நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர் என்றால், அப்பாவின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: அது அவர் இதயத்தைக் காப்பாற்றும் என்று நம்பவும் இடமில்லை.

இதயத்துக்கு நல்லது என்ற பேர் அதற்கு எப்படி வந்தது? ஜப்பானில் 40,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2006-இல் ஓர் ஆய்வு வெளியானது. கிரீன் டீ அதிகம் குடித்தவர்களில் இதய நோய், பக்கவாதத்தால் இறந்தவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் முன்பு இதய நோயோ பக்கவாதமோ வந்திராதவர்கள்; சிறுநீரக நோயாளிகளைத் தேடிச் சேர்த்து நடத்திய ஆய்வும் அல்ல அது. டீயால்தான் பிழைத்தார்களா, டீ குடிக்கிறவர்களின் மற்ற பழக்கங்களாலா என்பதை இப்படிக் கவனித்துப் பார்ப்பதால் மட்டும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

அப்பாவின் இதயத்துக்கு வரும் ஆபத்தும் வேறு வகை. 62 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 2.1 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் (eGFR) 35 அளவில் இருக்கும், சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாவது. இந்த நிலையில் இருப்பவர்களில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே இதயத்தால் இறப்பவர்கள் அதிகம். கொழுப்பு அடைப்பு ஒரு பங்குதான். பாஸ்பரஸும் கால்சியமும் நிலை தடுமாறி இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைக்கிறது. அழுத்தமும் தேங்கும் உப்பும் நீரும் இதயத் தசையைத் தடிக்க வைக்கின்றன. இரத்தசோகை அந்த இதயத்தை இன்னும் ஓட விடுகிறது. இத்தனைக்கும் ஒரு தேயிலை என்ன செய்யும், பாவம்.

பழுதான சிறுநீரகம் சரியாக வெளியேற்றாத பொட்டாசியம் கிரீன் டீயில் இருக்குமே என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரு கப்பில் சுமார் 20 மில்லிகிராம், அவ்வளவுதான். வயலிலிருந்து வந்ததும் வெட்டிக் குடிக்கும் ஓர் இளநீரில் 600 மில்லிகிராமுக்குக் குறையாது. அதாவது முப்பது கப் கிரீன் டீ. பொட்டாசியம் 5.2 இருப்பவர், அதிலும் அதைச் சற்று ஏற்றும் டெல்மிசார்ட்டான் சாப்பிடுபவர், நிறுத்த வேண்டியது இளநீரை. அதற்காக டெல்மிசார்ட்டானை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அது சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கிற மருந்து. இலையையே பொடியாக அரைத்துக் கலக்கும் மாட்சா வேறு கணக்கு, அது வேண்டாம்.

இப்போது அந்த ஐந்து டம்ளருக்கு வருவோம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை என்று வைத்தாலும் நாளைக்குப் பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம். நிறம் பழுப்பாக இருப்பதால் சர்க்கரை நோய் ஏமாந்துவிடாது. அடுத்தது இரும்பு மாத்திரை. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. ஹீமோகுளோபின் 9.8 இருக்கும்போது இதை விட்டுக்கொடுக்க முடியாது. மாத்திரைக்கும் டீக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கிரீன் டீயைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். என்னிடம் வரும் ஒருவர், அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல், தான் குடிக்கும் "மூலிகை கிரீன் டீ" பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பின்பக்கம் பொடி எழுத்தில், துளசிக்கும் இஞ்சிக்கும் நடுவே அதிமதுரம். தொண்டைக்கு இதமான சரக்குதான். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். கிரீன் டீ சத்து மாத்திரைகள் பக்கமே போக வேண்டாம். அதிலுள்ள EGCG என்ற தேயிலைச் சத்து நாளைக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே சொல்லியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கிரீன் டீ இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கும் மூட்டு வலி மாத்திரை. நடவு, அறுப்புக் காலத்தில் நம் பக்கத்தில் அது மிட்டாய் மாதிரி விற்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், உப்பைத் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தையும் கூட்டும். டெல்மிசார்ட்டான் சாப்பிடுபவர், வெயிலில் வியர்த்து நீர் வற்றிய நாளில் இதைப் போட்டால், சிறுநீரகம் சில நாட்களிலேயே பல படி இறங்கிவிடலாம். அவர் 150/90-க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காலி அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பாராசிட்டமாலை எந்த அளவில் எடுக்கலாம் என்று அவர் சொல்வார்.

உப்பு, நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராமுக்குள். தட்டையாக ஒரு டீஸ்பூன். பழைய சோற்றோடு மோர் மிளகாய், நாரத்தங்காய் ஊறுகாய், நாகப்பட்டினத்துக் கருவாடு என்றால் அந்த ஸ்பூன் காலையிலேயே தீர்ந்துவிடும். "சோடியம் குறைந்தது" என்று விற்கும் உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கும்.

கால் வீக்கம் இல்லாதவரை தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியதில்லை. டயாலிசிஸில் இருப்பவர்கள் போலத் தண்ணீரை அளந்து குடிப்பவர்களுக்குக் கிரீன் டீயும் அந்தக் கணக்கில் சேரும்.

காபி? 100 மில்லி பாலில் சுமார் 150 மில்லிகிராம் பொட்டாசியமும் 95 மில்லிகிராம் பாஸ்பரஸும் உண்டு, டிகாக்‌ஷனில் இருப்பது தனி. நாலு டம்ளர் என்றால் யோசிப்பேன். காலையில் ஒரு சின்ன டம்ளர், சர்க்கரை போடாமல், டிகாக்‌ஷனும் பாலும் பாதிப்பாதியாக, தாராளமாகக் குடிக்கட்டும். முதல் வாரம் கசக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.